கத்த மாட்டன் எண்டு நிண்ட அலாரம்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஃபோனில அலாரத்தின்ர சத்தத்தைக் கூட்டிறது.

அவ்வளவுதான். ரெண்டு பட்டன் அமத்தினா முடியிற வேலை. அதை நான் தொடங்கி, கடைசியா ஒரு கடைக்காரியோட சாமி, மரம், சண்டை எல்லாம் கதைச்சு, கீழ் வீட்டுக்காரனையும் கோபப்படுத்தித்தான் முடிச்சன்.

ஊரில சண்டை முடிஞ்ச வருசம் அது. நாங்கள் அப்ப டென்மார்க்கில, விபோர்க் எண்ட பட்டணத்தில ஒரு மாடிவீட்டில இருந்தனாங்கள். நானும் மனிசி வதனியும் மட்டும். நான் கோழி வெட்டுற ஃபக்டரியில வேலை. வதனி முதியோர் இல்லத்தில. வெள்ளிக்கிழமையில அவவுக்கு இரவு வேலை. சனிக்கிழமை விடிஞ்சாப் பிறகுதான் சைக்கிளில வந்து சேருவா.

என்ர அக்கா அப்ப ஊரில, சண்டைக்குள்ள இருந்து வந்த சனத்தை அடைச்சு வச்ச முகாமுக்குள்ள. அவ காலில காயத்தோட உயிரோட இருக்கிறா எண்டதே எங்களுக்கு ஆரோ பாத்துச் சொல்லித்தான் தெரியும். பிறகு ஒரு செய்தி வந்துது. முகாமில ஒருத்தரிட்ட ஃபோன் இருக்காம், சனிக்கிழமை காலமையில வரிசையில நிண்டு ஆளுக்குக் கொஞ்ச நேரம் கதைக்கலாமாம். அங்க காலமை எண்டா எங்களுக்கு இன்னும் விடியேல்லை. நாங்கள் திருப்பி எடுக்கவும் ஏலாது. முகாமுக்குள்ள ஃபோன் வச்சிருக்க விடமாட்டினம், அதால கதைச்சு முடிஞ்ச கையோட ஃபோனை நிப்பாட்டி ஒளிச்சுப்போடுவினம்.

முதல் சனிக்கிழமை அக்கா எடுத்தவ. நான் நித்திரை.

அலாரம் வச்சிட்டுத்தான் படுத்தனான், சத்தியமா. அதுவும் அடிச்சிருக்கு, அக்கா எடுத்ததும் அடிச்சிருக்கு. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. எழும்பிப் பாத்தா தெரியாத நம்பர் ஒண்டு ஸ்கிரீனில கிடக்குது. அண்டைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை. வரிசையில நிண்டு, முறை வந்து, அடிக்க விட்டுப் பாத்திட்டு, பேசாமத் திரும்பிப் போயிருப்பா அக்கா.

அடுத்த சனியும் எடுப்பன் எண்டு பேந்து ஆரிட்டயோ சொல்லி விட்டவ. கூடவே, "அவனை எழும்பச் சொல்லுங்கோ" எண்டும் சொல்லி விட்டவ. முகாமுக்குள்ள இருந்தும் என்ர அக்கா என்ர அக்காதான்.

மேசை மணிக்கூடு ஒண்டு வாங்கியிருக்கலாமே எண்டு கேப்பியள். மணிக்கூடு வச்சிருந்தனான். நித்திரையிலயே கையை நீட்டி அதின்ர தலையில ஒரு தட்டுத் தட்டிப்போட்டுத் திரும்பிப் படுக்கிற கெட்டித்தனம் எனக்கு இருக்கு. ஃபோன் எண்டா ரெண்டு பட்டனைத் தேடி அமத்த வேணும். தேடுறதுக்கிடையில முழிப்பு வந்திடும். திட்டம் நல்ல திட்டம்தான்.

வெள்ளிக்கிழமை. ஃபக்டரி மத்தியானத்தோட முடிஞ்சுது. வந்து குந்தினன். வதனி உள்ளுக்கை படுத்திருந்தா, இரவு வேலைக்குப் போற ஆள்தானே.

ஃபோனைத் திறந்து பாத்தா, சத்தம் ஏற்கனவே கடைசிக் கோட்டில நிக்குது. அதுக்கு மேல கோடே இல்லை. சரி, குருவி கத்திற மாதிரி இருந்த மெட்டை மாத்தி, பட்டாளத்தில ஊதிற மாதிரி ஒண்டு வச்சன். போர்வைக்குள்ள இருந்து ஆரோ இருமின மாதிரித்தான் ஃபோன் சத்தம் போட்டுது.

ஒருவேளை "கூட்டத்தில இருக்கிறன்" எண்ட நிலையில ஃபோன் நிக்குதோ எண்டு பாத்தன். அதுவும் இல்லை. எனக்கு ஆரோட கூட்டம், கோழியளோடயோ?

ஓகூஸ் பட்டணத்தில இருக்கிற குணம் அண்ணைக்கு எடுத்தன். டென்மார்க்கில பாதித் தமிழ்ச் சனத்துக்கு டிவி அன்டெனா பூட்டிக் குடுத்தது அவர்தான். அதால ஃபோன், ஃப்ரிட்ஜ், வயித்துக்குத்து எல்லாத்துக்கும் சனம் அவரைத்தான் கேக்கும்.

"தம்பி, பற்றரியைக் கழட்டிப் பூட்டு" எண்டார்.

"அதால சத்தம் கூடுமோ அண்ணை?"

"நீ கழட்டன்."

கழட்டிப் பூட்டினன். சத்தம் கூடேல்லை. மணியும் திகதியும் அழிஞ்சு பழைய வருசம் ஒண்டுக்குப் போட்டுது. என்ர ஃபோன் கணக்குக்கு நான் டென்மார்க்குக்கே இன்னும் வந்து சேரேல்லை. சமையலறை மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துத் திருப்பி எல்லாத்தையும் அடிச்சன்.

திரும்ப அண்ணைக்கு எடுத்தன்.

"அப்ப ஒரு சில்வர் சட்டிக்குள்ள வை" எண்டார். "சத்தம் சட்டியில பட்டுப் பெருகும்."

"படிச்சனீங்களோ அண்ணை இதை?"

"படிப்பென்ன படிப்பு. நான் அப்பிடித்தான் எழும்பிறனான்."

வதனி சோறு காய்ச்சிற சட்டியை எடுத்து, ஃபோனை அதுக்குள்ள வச்சு, சோதிச்சுப் பாப்பம் எண்டு கொஞ்ச நேரத்தால அடிக்கிற மாதிரி அலாரத்தையும் வச்சன். சோதனை எண்டா ஒழுங்காச் செய்ய வேணும்தானே? படுத்திருக்கேக்கை கேக்குதோ எண்டு பாக்க சோபாவில சரிஞ்சன். கண்ணையும் மூடினன்.

என்னை ஆரோ பிடிச்சு உலுப்பினது.

"இஞ்சேருங்கோ. ஏன் என்ர சட்டிக்குள்ள ஃபோன் கிடக்குது?" வதனி நித்திரைக் கண்ணோட நிண்டா.

"அலாரம் கேக்குதோ எண்டு சோதிக்கிறன்."

"அது அடிச்சுக்கொண்டுதான் கிடக்குது."

ஓம், அடிச்சுக்கொண்டுதான் கிடந்தது. சட்டியைக் கழுவி வச்சிட்டு, கடை பூட்டமுதல் ஓடினன்.

ஃபோன் கடையில இருந்தது வயசான ஒரு டேனிஷ் மனிசி. கழுத்தில கயித்தில கண்ணாடி தொங்குது. ஃபோனை வாங்கினா, சத்தத்தைப் போட்டுக் கேட்டா, திருப்பிப் பின்பக்கத்தைப் பாத்தா. பிறகு கண்ணாடியை மாட்டிப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா.

"இது சாப்பாட்டுக்குள்ள விழுந்ததோ?"

"இல்லையே."

ஒரு ஊசியை எடுத்து, சத்தம் வாற சின்ன ஓட்டையளுக்குள்ள குத்தினா. மஞ்சளாப் பொலுபொலு எண்டு கொட்டுண்டுது. அதுக்குள்ள சிவப்பும் கொஞ்சம்.

"கறித்தூள்" எண்டு தீர்ப்புச் சொன்னா.

எனக்கு அப்பதான் விளங்கிச்சுது. சந்தனம். மேல குங்குமம்.

அந்த வருசம் தொடங்கினதில இருந்து வதனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபோனைச் சாமிப்படத்துக்கு முன்னால வச்சு, கார் வாங்கினா வைக்கிறதுபோல பின்பக்கத்தில சந்தனம் அப்பி, நடுவில குங்குமமும் வைக்கிறவ. பிறகு துணியால வடிவாத் துடைச்சுத் தருவா. துடைச்சது மேலால மட்டும். உள்ளுக்கை போனது கிழமைக்குக் கிழமை காய்ஞ்சு, இறுகி, சுவரா நிண்டிருக்கு.

இதை என்ர ஃபக்டரி டேனிஷில எப்பிடிச் சொல்லுறது? கோழியின்ர உறுப்பு எல்லாத்துக்கும் எனக்கு டேனிஷ் தெரியும். சந்தனத்துக்குத் தெரியாது.

"கறித்தூள் இல்லை. இது மரம்" எண்டன்.

"ஃபோனுக்குள்ள மரமோ?"

"அரைச்ச மரம். என்ர மனிசி வெள்ளிக்கிழமையில பூசிறவ. ஃபோனுக்காகக் கும்பிடுறவ."

கடைக்காரி ஊசியைக் கீழ வச்சா. "எங்கட லைன் அவ்வளவு மோசமோ?"

சிரிப்பு வந்திட்டுது எனக்கு. பிறகு, ஏனெண்டு தெரியாது, எல்லாத்தையும் சொன்னன். ஊரில சண்டை நடந்தது, செய்தி எல்லாம் இந்த ஃபோனுக்குத்தான் வந்தது, நல்ல செய்தி மட்டும் வரட்டும் எண்டுதான் வதனி இதைக் கும்பிட்டவ எண்டு.

அவ டிவியில பாத்திருக்கிறா. "இப்ப முடிஞ்சுதுதானே?" எண்டு கேட்டா.

"முடிஞ்சுது."

"நல்ல செய்தி வந்ததோ?"

"நாளைக்கு விடிய எடுப்பா. என்ர அக்கா. நான் எழும்பினா."

அவ ஃபோனைத் திருப்பி எடுத்தா. மூடியைக் கழட்டி, ஊசியாலயும் சின்ன பிரஷ்ஷாலயும் ஒவ்வொரு ஓட்டையா, பல்லு வைத்தியர் மாதிரி இருந்து துப்பரவாக்கினா. அலாரத்தைப் போட்டா. கடைக்குள்ள நிண்ட சனம் எல்லாம் திரும்பிப் பாத்துது. வாசலில கட்டியிருந்த நாய் குலைச்சுது.

"இனிமேல் மற்றப் பக்கத்தில பூசச் சொல்லுங்கோ" எண்டு சொல்லித் தந்தா.

வீட்டை வந்து வதனிக்குச் சொன்னா, அவவுக்கு முகம் கறுத்திட்டுது.

"சாமிக்கு வச்சதை ஊசியால குத்தி எடுத்திட்டாவோ?"

"எடுக்காட்டி அக்கான்ர ஃபோன் எனக்குக் கேக்காது."

"நான் வச்ச சந்தனத்தாலயோ போன கிழமை கேக்காமல் போனது?"

"என்ர நித்திரையாலதான்" எண்டன். அதுவும் பொய்யில்லை.

அண்டைக்கும் வெள்ளிக்கிழமை. விளக்குக் கொளுத்திப்போட்டு, கையில சந்தனத்தோட ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்டா. பூசவும் பயம், பூசாமல் விடவும் பயம். கடைசியா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, என்ர நெத்தியில அப்பினா.

"முழிக்க வேண்டினது நீங்கள்தானே" எண்டிட்டு வேலைக்குப் போட்டா.

கடைக்காரியை நம்பினன். இருந்தாலும் குணம் அண்ணையையும் கைவிடேல்லை. படுக்கேக்கை ஃபோனைச் சட்டிக்குள்ள வச்சிட்டுத்தான் படுத்தன்.

விடியப்புறம் அது கத்தினது எனக்கு இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. பட்டாளம் வீட்டுக்குள்ள வந்திட்டுது எண்டுதான் துள்ளி எழும்பினன். எழும்பின வேகத்தில சட்டியைத் தட்ட, அது மரத்தரையில விழுந்து, உருண்டு, சுவரில போய் மோதிச்சுது. ஃபோன் கட்டிலுக்குக் கீழ போய் நிண்டு ஊதுது. நான் தவண்டு போய் அதை நிப்பாட்ட, கீழ் வீட்டுக்காரன் தடியால தன்ர வீட்டு முகட்டில இடிக்கத் தொடங்கினான்.

முகத்தைக் கழுவினன். திரும்பக் கட்டில் பக்கம் போகப் பயத்தில யன்னலடியில நிண்டன். ஃபோனைக் கையில பொத்திப் பிடிச்சிருந்தன்.

அடிச்சுது. அதுவும் முழுச் சத்தத்தில. கீழயிருந்து திரும்பவும் இடி.

"அக்கா!"

"முழிப்போ?" அக்கான்ர குரல். மெலிஞ்சு போயிருந்தது, ஆனா அவதான். "உங்க என்னடா இடிக்குது?"

அழுதா அவவும் அழுவா, கிடைச்ச நேரம் அதோட போயிடும். அதால வாயில வந்ததைச் சொன்னன். "கீழ் வீட்டுக்காரன் அக்கா. அலாரச் சத்தத்துக்கு."

"அப்பிடி என்ன அலாரம்?"

சொல்லத் தொடங்கினன். வதனின்ர சந்தனம், சட்டி, கோழிக் கூட்டம், கடைக்காரியின்ர கறித்தூள். அக்கா முதல்ல "ம்" கொட்டினா. "ஃபோனுக்குள்ள மரமோ" எண்ட இடத்தில சிரிக்கத் தொடங்கினா. சின்னனில மூச்சு முட்டச் சிரிப்பாவே, அதே சிரிப்பு. பின்னால நிண்ட சனம் "என்ன பிள்ளை, என்ன" எண்டு கேக்க, "என்ர தம்பி, அலாரத்துக்கு..." எண்டு அவைக்கும் சொல்லுறா. அவையும் சிரிக்கினம். "சரி, மற்றாளுக்குக் குடுக்கவேணும், வாற சனி எடுக்கிறன்" எண்டா. வச்சிட்டா.

ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு நல்லா அழுதன். விடிஞ்ச கையோட வதனி ஓடி வந்தா. ஜாக்கெட்டும் கழட்டேல்லை.

"எடுத்தவவோ?"

"எடுத்தவ."

"எப்பிடியாம்? சாப்பாடு குடுக்கினமாமோ? அந்தக் கால்காயம் மாறிட்டுதாமோ? எப்ப வெளிய விடுவினமாம்?"

நான் விழுந்து கிடந்த சட்டியைப் பொறுக்கப் போனன்.

"கேக்கேல்லையோ?"

"நேரம் போட்டுது."

"அப்ப இவ்வளவும் என்ன கதைச்சனீங்கள்?"

"நீர் ஃபோனுக்குச் சந்தனம் பூசின கதை."

பேச்சு விழப்போகுது எண்டு நிண்டன். விழேல்லை. வதனி என்ர முகத்தையே பாத்தா.

"சிரிச்சவவோ?"

"சிரிச்சவ. கூட நிண்ட சனமும் சிரிச்சது."

வதனிக்குக் கண் நிறைஞ்சிட்டுது. பிறகு ஜாக்கெட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டுச் சொன்னா:

"வாற வெள்ளி இரவு வேலையை மாத்திப்போட்டு வீட்டில நிண்டு, சனி விடிய நானே கதைக்கிறன். நீங்கள் நித்திரையைக் கொள்ளுங்கோ."