முதல் தர மண்

தமிழ் மண்ணின் பெருமையைப் பாடாத புலவர் இல்லை. அந்தப் பெருமைக்கு முத்திரை குத்திய அட்டையே வாங்கிவிட்ட ஊர் எங்கள் ஊர் என்பதை, உழவர் மன்றச் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினால் வந்துவிடலாம். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது நல்லது.

'மண்வள மற்றும் கால்நடை நல முகாம்' என்று அறிவித்தார்கள். விவசாயிகள் ஆளுக்கு அரை கிலோ மண் 'மாதிரி' கொண்டுவர வேண்டும். எல்லா மண்ணும் தேறினால் ஊருக்குக் கேடயம்.

மாதிரி என்றால் என்னவென்று காஞ்சிபுரத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டு எடுக்க வருகிறவருக்கு இருப்பதிலேயே நல்ல புடவையைத்தான் பிரித்துக் காட்டுவோம். ஊரில் இருப்பதிலேயே நல்ல மண், மணியம்மாள் கொல்லையில் இருந்தது. ஒற்றைப் பசுவின் சாணியைக் கூடை கூடையாகக் கொட்டி அவர் வளர்த்த மண். வேர்க்கடலை அப்போதுதான் பூத்திருந்தது. அந்தக் கடலையும் பசுவின் பாலும்தான் அவருக்குச் சோறு.

விதிமுறையை நாங்கள் துளியும் மீறவில்லை. துண்டறிக்கையில் கண்டபடி ஒவ்வொருவரும் அந்தக் கொல்லையில் பல இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி மண் எடுத்தோம். மணியம்மாள் ஓடி வந்தார்.

"இன்னாபா இது, செடியெல்லாம் பிடுங்கிக்கினு?"

"அரை கிலோதான்க்கா," என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர் தர்மன்.

"ஆளுக்கு அரை கிலோ. உன் கொல்லையில மண்ணு இல்லியா தர்மா?"

"இருக்குது. தேறாது. ஊர் மானம்க்கா, கொஞ்சம் பொறுத்துக்கோ."

மறுநாள் அவருடைய பசு ஒரு குழியில் கால் விட்டு மடங்கி விழுந்தது. நொண்ட நொண்ட அதை முகாமுக்கு ஓட்டி வந்தார். கால்நடை மருத்துவர் சிவபாலன் கட்டுப் போட்டுவிட்டு, முகாமின் நோக்கம் கெடாதபடி அறிவுரையும் வழங்கினார்: "பள்ளமா இருக்கிற இடத்துல மாட்டை விடறது பாவம்மா. நீங்கதான் பார்த்துக்கணும்."

நடமாடும் பரிசோதனை வண்டி அங்கேயே முடிவு சொன்னது. எல்லாம் முதல் தரம். எல்லா அட்டையிலும் ஒரே எண்கள். "இவ்ளோ ஒற்றுமையான ஊரை நான் பார்த்ததே இல்ல," என்று அதிகாரி புவனேஸ்வரி நெகிழ்ந்தார்.

கடைசியாக வந்த ஒரே ஒரு மண் மட்டும் தேறவில்லை. குழிகளுக்கு அடியில் மிஞ்சிய சுக்கான்கல் மண்ணை மடியில் கட்டிக்கொண்டு மணியம்மாள் வந்திருந்தார். கேடயம் கைநழுவப் பார்த்தது. தர்மன்தான் சமயோசிதமாக எழுந்தார்.

"மேடம், அந்தக் கொல்லையில இப்ப பயிரே இல்ல. அது விவசாயத்துல வராது."

அதிகாரி ஆள் அனுப்பிப் பார்த்தார். உண்மைதான், ஒரு செடிகூட இல்லை. மணியம்மாளின் பெயர் முறைப்படி நீக்கப்பட்டது.

"சரிமா. என் மண்ணையாவது திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க," என்றார் அவர்.

"எது உங்க மண்ணு? பேர் போட்ட பையைக் காட்டுங்க," என்றார் அதிகாரி.

மணியம்மாள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாப் பையிலும் எங்கள் பெயர்கள் இருந்தன. பசுவை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார். கைதட்டல் அப்போதுதான் ஆரம்பித்தது.

இன்று எங்கள் ஊரில் எல்லோரும் முதல் தர விவசாயிகள். விவசாயம் செய்துகொண்டிருந்த ஒருவரைத்தான் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது.