மாமாவுக்காக மாட்டிய வெந்நீர்க் குழாய்

பிஸிக்ஸ் படித்தவர்களை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. மற்றவர்கள் கண்ணுக்கு மின்விசிறியாகவும் இஸ்திரிப் பெட்டியாகவும் தெரிவது, அவர்கள் கண்ணுக்குப் பரீட்சைக் கேள்வியாகத் தெரியும். விடை எழுதாமல் எழுந்திருக்க மாட்டார்கள். நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் முடித்தவள். அதுவும் முதல் வகுப்பு. (கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவேன்.)

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், டெல்லி சரோஜினி நகரில் ஓர் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் மாடியில் இருந்தோம். நானும் என் கணவர் சங்கரனும் ஆளுக்கொரு அமைச்சகத்தில் வேலை பார்த்தோம். கீழ்வீட்டில் மல்ஹோத்ரா தம்பதி. மொட்டை மாடியில் இருந்த தொட்டியிலிருந்து ஒரே குழாய்தான் எங்கள் வீட்டு வழியாகக் கீழ்வீட்டுக்கும் இறங்கும். அதனால் குளிர்காலத்தில் எங்கள் ஷவருக்கு ஒரு குணம் இருந்தது. நாம் கீஸர் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் பதமாகக் கலந்து சுகமாக நின்றுகொண்டிருப்போம். கீழே மல்ஹோத்ரா ஆன்ட்டி பாத்திரம் கழுவக் குழாயைத் திறப்பார். மேலே பச்சைத் தண்ணீர் குறைந்து, கொதிக்கிற வெந்நீர் மட்டும் தலையில் இறங்கும். முதல் குளிர்காலத்தில் சங்கரனின் தோள் வெந்து, ஒரு வாரம் பர்னால் தடவிக்கொண்டு ஆபீஸ் போனார்.

கப்பலில் இன்ஜினியராக இருந்த என் கொழுந்தன் இதைக் கேட்டுவிட்டு, அடுத்த விடுமுறையில் ஜெர்மனியிலிருந்து ஒரு குழாய் வாங்கி வந்தான். பளபளவென்று வெள்ளி மாதிரி. ஒரு பக்கம் வெந்நீர், இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணீர், நடுவில் கலந்து ஷவருக்கோ வாளிக்கோ போகும். ஓரத்தில் எண் போட்ட ஒரு திருகு. முப்பத்தெட்டில் வைத்தால் முப்பத்தெட்டு டிகிரிதான் வரும். கீழ்வீட்டில் யார் என்ன திறந்தாலும் அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதை மடியில் வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் தடவிக்கொடுத்தேன் என்று சங்கரன் சொல்வார். அது பொய். ஒரு நாள்தான்.

மாட்டாமல் பெட்டியிலேயே கிடந்த குழாய்க்கு வேளை வந்தது, மாமா வருகிறார் என்று தெரிந்தபோது. மாமா என்றால் என் மாமனார். திருநெல்வேலியில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இல்லை, தனியாக இருந்தார். நெடுநெடு உயரம், அளந்த பேச்சு. வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்று முதலில் சொன்னவர், மகனுக்காகச் சம்மதித்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அதுவும் ஜனவரியில். அவருக்கு மூச்சிழுப்பு வேறு உண்டு. என் சமையலால் அவரைக் கவர முடியாது என்பது எனக்கே தெரியும். மிச்சமிருந்தது பிஸிக்ஸ்.

என்கொயரியில் சொல்லி ஆளை வரவழைக்கலாம் என்றார் சங்கரன். (காலனியில் பழுது பார்க்கும் அலுவலகத்துக்கு அதுதான் பெயர்.) இந்தக் குழாயைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கல்யாணமான புதிது.

கரோல் பாக் போய் ரெஞ்சு, ஒழுகாமல் மரையில் சுற்றச் சணல், வெள்ளைப் பசை எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்து, பிளம்பர் எங்கே என்று இந்தியில் கேட்டார். நான்தான் என்றேன். அவர் சணலை இன்னொரு பிடி சேர்த்துக் கொடுத்தார்.

மாமா வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கரனை ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினேன். பாதுகாப்பு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. கீஸரின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டேன். மெயின் வால்வை மூடினேன். வெந்நீர் இடது, பச்சைத் தண்ணீர் வலது என்று சுவரில் சாக்பீஸால் எழுதிச் சரிபார்த்தேன். பழைய குழாய்கள் இரண்டையும் கழற்றி, சணல் சுற்றி, பசை தடவி, புதியதை ஏற்றி இறுக்கினேன். கூடவே வந்திருந்த விளக்கத் தாள் முழுக்க ஜெர்மன். படம் பார்த்தே செய்தேன். முடிந்தபோது பெட்டிக்குள் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் உருளைகள் மிஞ்சின. உடைந்தால் மாற்றுவதற்குக் கொடுத்திருப்பார்கள், ஜெர்மன்காரர்கள் தாராளமானவர்கள் என்று நினைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

மெயின் வால்வைத் திறந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் குளிரில், ஈரப் புடவையோடு, எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஆட்டோ சத்தம் கேட்டதும் ஃபியூஸைப் போட்டு கீஸரை முடுக்கிவிட்டு ஓடினேன். வெந்நீர் வருகிறதா என்று பார்க்கவில்லை. ஏன் வராது?

மாமா குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக வந்து இறங்கினார். காபி குடித்தார். வெந்நீர் காய்வதற்குள் ஊர்ச் செய்தி எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு நான் அவரைக் குளியலறைக்கு அழைத்துப் போய், கோயில் சிற்பத்தை விளக்குகிறவள் மாதிரி திருகை விளக்கினேன்.

“நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம் மாமா. இதத் திறந்தாப் போதும். சூட்ட அதுவே பாத்துக்கிடும்.”

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் “சிவ சிவா” என்று மெதுவாக ஒரு குரல். பிறகு சற்று உரக்க. பிறகு வேகமாக, மூச்சு விடாமல், “சிவசிவசிவசிவா” என்று.

சங்கரன் பேப்பரைத் தாழ்த்தினார். “அப்பா இவ்வளவு பக்தியா இருந்து நான் பாத்ததே இல்ல.”

மாமா வெளியே வந்தபோது உதடு நாவல்பழம் சாப்பிட்டவர் மாதிரி இருந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன், பாராட்டுக்காக.

“நல்லாருக்கும்மா,” என்றார். பல் தந்தியடித்தது. “குத்தாலத்துல குளிச்ச மாரி இருக்கு.”

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஒரு குளியலுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பட்டம் அது. அவர் போய் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இரண்டைப் போர்த்திக்கொண்டு படுத்ததைப் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். குற்றாலத்தில் வெந்நீர் கிடையாது என்பது முதல் வகுப்பு மூளைக்கு எட்டவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. மல்ஹோத்ரா ஆன்ட்டி, கையில் ஒரு தட்டு நிறைய கேரட் அல்வாவோடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“பேட்டி, நல்கே மே கரம் பானி ஆ ரஹா ஹை,” என்றார். மகளே, குழாயில் வெந்நீர் வருகிறது என்கிறார். சமையலறைக் குழாயில், பச்சைத் தண்ணீர் வர வேண்டிய இடத்தில், ஒரு மணி நேரமாக இதமான வெந்நீர். பாத்திரம் எல்லாம் கழுவி, ஊற வைத்திருந்த துணிகளையும் துவைத்துவிட்டாராம். அரசாங்கம் கடைசியில் கண் திறந்துவிட்டது, உங்கள் வீட்டிலும் வருகிறதா என்று கேட்டார்.

சங்கரன் என்னைப் பார்த்தார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினேன். ஐஸ். ஜன்னல் விளிம்பில் இருந்த உருளைகளில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதினேன். ஒரு பக்கமிருந்து காற்று போனது. திருப்பி ஊதினால் போகவில்லை.

அது உபரி இல்லை. ஒரு பக்கத்துத் தண்ணீர் இன்னொரு பக்கத்துக்குள் புகாமல் தடுக்கிற வால்வு. அது இல்லாததால், ஆன்ட்டி கீழே குழாயைத் திறந்த போதெல்லாம் என் கீஸரிலிருந்த வெந்நீர், புதுக் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து, படியிறங்கிப் போயிருக்கிறது. மாமாவுக்காகக் காய்ச்சிய வெந்நீர் முழுவதிலும் மல்ஹோத்ரா வீட்டுத் துணி வெளுத்துவிட்டது. அவர் தலையில் விழுந்தது ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் கிடந்த ஜனவரித் தண்ணீர். இன்னும் கொஞ்சம் சூடாகப் போயிருந்தால் ஆன்ட்டியின் கை வெந்திருக்கும்.

அதற்குள் ரஜாய்க்குள்ளிருந்து விசில் மாதிரி சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. இழுப்பு. நான் அழுதுவிட்டேன். சங்கரன் மாத்திரையைத் தேடினார். ஆன்ட்டி மட்டும் யாரையும் எதுவும் கேட்காமல், ரஜாயோடு மாமாவைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிக்கொண்டு போய், முற்றத்து வெயிலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார். பக்கத்தில் கரி அடுப்பு. கையில் இஞ்சி டீ. மாத்திரையும் டீயும் உள்ளே போய், முதுகில் வெயில் ஏறியதும் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

மல்ஹோத்ரா ஜி எதிரே மோடா என்கிற மூங்கில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் நான். நடந்ததை எல்லாம் என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது, இரண்டு மொழியிலும். கேட்டுவிட்டு மல்ஹோத்ரா ஜி தலையில் அடித்துக்கொண்டார்.

“யே கிஸ் கதே நே லகாயா?”

எந்தக் கழுதை மாட்டியது என்று கேட்கிறார். சங்கரன் வானத்தைப் பார்த்தார்.

“என்னம்மா கேக்காரு?” என்றார் மாமா.

“யாரு மாட்டுனதுன்னு கேக்காரு மாமா.”

மாமா டீயை ஒரு மிடறு குடித்தார். “எம் மருமவதான்னு சொல்லு. யார் தொணையும் இல்லாம தானா மாட்டுனான்னு சொல்லு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரு சொட்டு ஒழுகலன்னும் சேத்துச் சொல்லு,” என்றார்.

நான் சொன்னேன். பாதிதான். மீதியைச் சங்கரன் முடித்தார். மல்ஹோத்ரா ஜி என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, உள்ளே போய், மாமாவுக்குத் தன் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் குழாயைக் கழற்றி, உருளைகளைப் போட்டு, திரும்ப மாட்டினேன். இந்த முறை நானே முதலில் குளித்தேன். முப்பத்தெட்டுதான் வந்தது. மாமா இருந்த ஒரு மாதமும் தினமும் அதில் குளித்தார். ஆன்ட்டிக்குத்தான் வருத்தம். வெந்நீர் நின்றுவிட்டதே, பழையபடியே மாட்டிவிட முடியாதா என்று அந்தக் குளிர்காலம் முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை நாங்கள் ஊருக்குப் போனபோதுதான் மாமா என்ன செய்திருக்கிறார் என்று தெரிந்தது. மருமகள் ஜெர்மன் குழாயையே மாட்டினவள் என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். பெட்டியை இறக்குவதற்குள் ஒருவர் பம்ப் ஸ்டவ்வோடு நின்றார். அவர் பின்னால் ஒருவர் அடிபம்பின் கைப்பிடியோடு. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் மாமா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதிய என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதி பழுதாவது பார்த்திருப்பேன். மீதியைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் இன்றுவரை புகார் சொன்னதில்லை.

மாமா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. போன ஆண்டு சொந்தத்தில் ஒரு கல்யாணம், திருநெல்வேலியில். பட்டுப் புடவையோடு நான் மணவறைக்கு அருகே போகும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, “நீதான அந்தக் கொழா மருமவ?” என்றாள். ஆமாம் என்றேன். மண்டபத்துப் பெண்கள் குளியலறையில் ஒரு குழாய் நிற்காமல் ஒழுகுகிறது என்றாள். போனேன். வாஷர் போயிருந்தது. கெட்டி மேளம் கேட்கும்போது என் கையில் ரெஞ்சு இருந்தது.

அந்தக் கல்யாண வீடியோவில், தாலி கட்டும் இடத்தில், குடும்பமே நிற்கிறது. நான் மட்டும் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் டெல்லியிலேயே வளர்ந்த என் மகள் படத்தை நிறுத்தி, “மம்மி கஹான் ஹை?” (அம்மா எங்கே?) என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைப்பாள். நானும் சிரிப்பேன். மாமா இருந்திருந்தால் அவரும் அந்தப் படத்தில் இருந்திருக்க மாட்டார். குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.