வன்னியராஜ் அண்ணாச்சியின் நடனப் புரட்சி

தாமிரபரணிக் கரை மக்களை ஆட்டுவிப்பதற்கென்றே அவதாரம் எடுத்தவர் வன்னியராஜ் அண்ணாச்சி. 1993 வரை அந்த அவதாரம் ஏரலில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தது நம் துரதிர்ஷ்டம். பிறகு திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ‘நெல்லை பீட்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற கேசட் கம்பெனியை நிறுவினார். துபாய்க்குப் போன சேக் முகம்மது பெட்டியில் இரண்டு கேசட்டைத் திணித்து அனுப்பியதால் அது ‘இன்டர்நேஷனல்’.

வெளிநாட்டு டிஸ்கோ போட்டால் நம் ஆட்கள் கல்லாய் நிற்பதைக் கண்டு அண்ணாச்சி மனம் நொந்தார். உடனே ‘ஆராய்ச்சி’யில் இறங்கினார். அதாவது, தன் குலதெய்வம் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில், மேளக்காரர் கருத்தையா பம்பை அடிக்கும்போது பக்கத்தில் டேப்ரிக்கார்டரை வைத்தார்.

“எம்பேரைப் போடுவியளா அண்ணாச்சி?” என்று கேட்டார் கருத்தையா. பரம்பரையாக அடித்தும் அந்தக் குடும்பத்தின் பெயர் கொடை நோட்டீஸில்கூட வந்ததில்லை. ஒரு தடவையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“கொட்டை எழுத்துல போடுதேன் வே.”

கேசட் வந்தது. ‘இசை: வன்னியராஜ்’. கொட்டை எழுத்துத்தான்.

விக்கிரமசிங்கபுரத்தில் வெளியீட்டு விழா. முதல் பாட்டிலேயே புரட்சி வெடித்தது. தாம் பதிவு செய்திருந்தது சாமியை அழைக்கும் அடி என்பது, கலை ஆவேசத்தில் அண்ணாச்சிக்கு மறந்துபோயிருந்தது. முன்வரிசையில் சபாரி உடையில் வீற்றிருந்த அதே சுடலைமாடன் கோயிலின் சாமியாடி இசக்கிமுத்து, கையிலிருந்த கலர் பாட்டிலைப் போட்டுவிட்டு எழுந்து ஆடினார். ஆடியபடியே மேடையேறி அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்தார்.

“ஏலே! யாரைக் கேட்டுலே என்னைய இங்கன கூப்பிட்ட? எவம்லே அடிச்சான்?”

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். “எல்லாம் உன் அருள்தான் சாமி!”

பெரிய மனிதர்கள் தவறை உடனே திருத்திக்கொள்வார்கள். அடுத்த பதிப்பின் அட்டையில் ‘இசை: சுடலைமாடன்’ என்று அச்சிட்டார். கடவுளையே இசையமைப்பாளராக அமர்த்திய கம்பெனி வேறு உண்டா? கேசட் ஏரல் வரை விற்றுத் தீர்ந்தது.

கருத்தையா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எம்பேரைக் காணலியே?”

“சாமிக்கே போட்டாச்சி. அதுக்கு மேல உமக்கும் கேக்கோ? பைய பாப்போம் வே.”

சித்திரையில் மறுபடி கொடை. பந்தல் அண்ணாச்சியின் உபயம். பட்டு வேட்டியில் முன்னால் நின்றார். மதியப் பூஜைக்கு இசக்கிமுத்து குளித்து, கச்சை கட்டிக் காத்திருந்தார். ஊரே காத்திருந்தது. பம்பை தரையில் கிடந்தது. பக்கத்தில் கருத்தையா உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சாமி இறங்காவிட்டால் கொடையே பாழ். பழி அண்ணாச்சியின் குடும்பத்தின் மேல்தான் விழும். அண்ணாச்சி கருத்தையாவிடம் ஓடினார்.

“அடியும் வே! சாமி வரணும்லா!”

கருத்தையா மடியிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினார்.

“இசை சாமின்னு நீங்கதான போட்டிருக்கிய அண்ணாச்சி? அவரே வந்து அடிச்சிக்கிடட்டும்.”