எனக்காக நிற்கும் வண்டிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் மகள் வீட்டில் சுகம். நீயும் உன் வீட்டாரும், உன் முழங்கால் நீங்கலாக, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். நாங்கள் திரும்பி வரப்போவதில்லை. "இங்கேயே இருந்துடுங்கப்பா" என்று வந்த புதிதிலேயே மகள் கேட்டாள், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே நம் வீட்டுக்குக் குடிவரக் கேட்ட வாத்தியாரிடம் சாவியைக் கொடுத்துவிடு.

"மூணு மாசம் தாங்க மாட்டீங்கண்ணே, ஓடி வந்துடுவீங்க" என்று ஏர்போர்ட்டில் சொன்னாயே, இந்த வெளிநாட்டில் இருக்கிற சுகம் உனக்கு என்ன தெரியும்? பஸ் நாலு ஏழுக்கு என்று பலகையில் போட்டிருந்தால் நாலு ஏழுக்கு வருகிறது. பழக்க தோஷத்தில் நாலு பத்துக்குப் போய் நின்று நாலு நாள் பஸ்ஸைக் கோட்டை விட்டேன். அதெல்லாம் சில்லறைச் சுகம். பெரிய சுகம் ரோட்டில் இருக்கிறது.

இரண்டாம் வாரம் மகள் மருந்துக்கடைக்குள் போயிருந்தாள், நான் வெளியே, ஆட்கள் ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு போட்டிருந்த இடத்தில் சும்மா நின்றேன், உடனே ஒரு கார் நின்றது, அதன் பின்னால் இன்னொரு கார், அப்புறம் ஒரு லாரி, முதல் காரிலிருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போகும்படி கை காட்டினாள். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. மூன்று வண்டியை நிறுத்திவிட்டு, சும்மாதான் நிற்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? கடந்தேன். மகள் வருகிறாளா என்று அந்தப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன், திரும்பினதுதான் தாமதம், ஒரு பஸ் நின்றுவிட்டது. மறுபடி கடந்தேன். இப்படி ஏழு தடவை ஆனபிறகு மகள் வந்தாள்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"நிக்கிறாங்கம்மா. போகலைன்னா மரியாதையா இருக்காது."

"கொஞ்சம் தள்ளி நின்னா யாரும் நிக்க மாட்டாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

தம்பி, முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு ரூமில் இருந்தவன் நான். வராந்தாவில் யார் எதிரே வந்தாலும் கோப்புக் கட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டு வழி விட்டவன். எனக்காக எவரும் ஒரு நிமிஷம் நின்றதில்லை. இங்கே லாரி நிற்கிறது. சந்தோஷமாக இருக்கிறது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். இப்போது தினமும் நாலு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிடுகிறேன். நாலைந்து முறை கடந்துவிட்டு வந்தால்தான் காபி இறங்குகிறது. பஸ் டிரைவர் ஒருவர் என்னைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கிறார். போன செவ்வாய்க்கிழமை ஒரு போலீஸ்காரர், நான் வழி தவறிவிட்டேன் என்று நினைத்து, கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார். அப்போதும் மூன்று வண்டிகள் நின்றன.

உன் அண்ணிக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே பால்காரர், எதிர்வீடு, மாடிவீடு என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இங்கே வாயே திறப்பதில்லை, அவ்வளவு நிம்மதி. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால், திரும்பி வரும்வரை ஜன்னலோர நாற்காலியை விட்டு அசைவதில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்குத் தைலம். எல்லாரும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள அண்ணன்

பி.கு.: சாவியைக் கொடுத்துவிடாதே. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். தன்னைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் இரண்டு தடவை படித்தாள். "நிம்மதின்னு நீங்களா எழுதிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? வீட்டு மனுஷங்களைத் தவிர ஒரு ஆளோட நேருக்கு நேர் பேசி நாப்பது நாளாச்சு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரே எனக்காக நிற்கிறது என்று பூரித்துக்கொண்டிருந்தவன், இவளிடம் ஒரு நாள் நின்று கேட்கவில்லை. "சரி, ஊருக்கே போயிடலாம். மகள்கிட்ட நான் சொல்லிக்கிறேன், தம்பிக்கும் போன் பண்ணி வீட்டைக் கூட்டி வைக்கச் சொல்றேன்" என்றேன். மகளிடம் போன மாசமே இவள் சொல்லிவிட்டாளாம், திரும்பிப் போகும் டிக்கெட் பன்னிரண்டாம் தேதிக்கு அப்படியேதான் இருக்கிறதாம், இவள் போனில் சொல்லி நீயும் வீட்டைக் கூட்டி, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டாயாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேனே.