தகரக் கூரையின் மௌனம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு. ஆசிமைப் பார்த்து, 'உனக்குக் காது செவிடு' என்று சொல்லிவிட்டேன். அவன் மாமாவின் துணிக்கடையில், வந்தவர் போனவர் முன்னால் சொன்னதுதான் தவறு. வெளியே கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு முகுந்தன் பேனாவை மூடினான். மறுபடி திறந்து 'சொல்லிவிட்டேன்' என்பதை அடித்து, 'சொல்ல நேர்ந்தது' என்று மாற்றினான். அது நேர்மையில்லை என்று தோன்றவே பழையபடி ஆக்கினான்.

எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் அவனால் விட முடியாது. கார் லைசன்ஸ் பரிட்சையில் சந்தி வந்ததும் வலது, இடது, மறுபடி வலது என்று பார்த்துக்கொண்டே நின்று, வண்டியை நகர்த்தாமலே இரண்டு தடவை தோற்றவன். இருபத்து நாலு வயதிலும் செந்தூல் எல்ஆர்டி ரயில் நிலையம் வரை அப்பா ஜெயராஜ்தான் பழைய காரில் கொண்டுவந்து விடுகிறார். பகலில் பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகம். மாலையில் பிரிக்பீல்ட்ஸில் கணக்கியல் வகுப்பு. வகுப்பில் வரவு செலவு சரியாக வந்தால்கூட, வந்திருக்காதே என்று மறுபடி கூட்டிப் பார்ப்பான்.

இப்படிப்பட்டவனுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது 'தகரக் கூரை'.

தகரக் கூரை என்பது செந்தூல் பையன்கள் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய ஹிப் ஹாப் குழு. அங்கே வரிசை வீடுகளை இடித்துக் கொண்டோமினியம் அடுக்குமாடிகள் கட்டினார்கள். அந்தக் கோபத்தில் பத்து வருடத்துக்கு முன் 'பட்டறை மண்' என்று முதல் ஆல்பம் போட்டார்கள். ஒரு ஃபிளாட்டுக்குள்ளேயே பதிவு செய்து, சிடியில் ஏற்றி, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கையில் வைத்து விற்றார்கள். விற்றதே கொஞ்சம்தான். அதில் ஒன்று பதினாலு வயது முகுந்தனிடம் வந்து சேர்ந்தது. வாங்கிய கையோடு கேட்டுவிட அவன் என்ன சாதாரணப் பையனா? பரிட்சை முடிந்த பிறகுதான் கேட்பது என்று சபதம் செய்து, சிடியைக் காரிலேயே வைத்துவிட்டான்.

இடிபட்ட வீடுகளில் அவர்கள் வீடும் ஒன்று. அந்த வருடம் வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அழாமல் கோபப்படவும் செய்யலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த சிடிதான்.

அதிலும் 'பேரச் சொல்லு' என்ற பாட்டு. "எங்க வீட்ட இடிச்சவன் பேரச் சொல்லு" என்று குழுவின் பாடகன் கன்னையா அடிவயிற்றிலிருந்து கத்துவான். அப்புறம் ஒரு குரலும் இருக்காது. உறுமி மட்டும் தடதடக்கும். ஊரே வாயை மூடிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு மௌனம். அதைப் பற்றி முகுந்தன் இணையத்திலுள்ள ரசிகர்கள் குழுவில் நீளமாக எழுதியிருக்கிறான். மௌனத்தை வைத்தே திட்டத் தெரிந்தவர்கள் தகரக் கூரை மட்டும்தான் என்று அவன் எழுதிய வரியை, சிடியைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட எடுத்து ஒப்பிப்பார்கள்.

அப்புறம் கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. இரண்டாவது ஆல்பத்தில் மெட்டு வந்தது, பொறுத்துக்கொண்டான். மூன்றாவதில் காதல் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். இந்த வருடம், சீவிய ஐஸில் சர்க்கரைப் பாகு ஊற்றித் தின்கிற பண்டத்தின் பெயரில், 'ஐஸ் கச்சாங் கண்ணு' வந்தது. கல்யாண டின்னரில் மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே நுழையும்போது அதைத்தான் போடுகிறார்கள். நடன வகுப்புக் குழந்தைகள் அதற்கு இடுப்பை ஆட்டுகிறார்கள். நம்முடைய கோபத்தை விற்று ஐஸ் வாங்கித் தின்றுவிட்டார்கள் என்று முகுந்தன் குழுவில் எழுதினான். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளியான ஆசிமுக்குப் பாட்டு பிடித்திருந்தது. தன் உம்மாகூட அடுப்படியில் அதைத்தான் முணுமுணுக்கிறார் என்றான். உங்க உம்மா முணுமுணுத்தால் அது ஹிப் ஹாப்பே இல்லை என்றான் முகுந்தன். பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஆசிம் போனை எடுத்தான். புதுப் பாட்டு ஓடுகிற சூட்டோடு, போன மாதம்தான் 'பட்டறை மண்'ணையும் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

"நீ பெருசா பேசுற முத ஆல்பத்துலயே ராகம் இழுக்கறாங்கடா. கேளு."

எங்க வீட்ட இடிச்சவன் பேரச் சொல்லு என்று கன்னையா கத்தினான். மௌனம் வர வேண்டிய இடத்தில் கீபோர்டு குழைய, ஒரு பெண் குரல் தேனாக இறங்கியது. 'வெளக்கேத்த வீடில்ல, சாமி நீயே சொல்லு...'

அப்போதுதான் முகுந்தன் அந்தக் காது சமாச்சாரத்தைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கார் நிறுத்துமிடத்துக்குப் போனான். சிடி போடுகிற வசதி அந்தக் காரில் மட்டும்தான் இருந்தது. தான் எப்போதும் உட்காருகிற இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, பாட்டைப் போட்டான். கத்தல். உறுமி. மௌனம். மூன்று தடவை போட்டும் அதே மௌனம். பெண்ணும் இல்லை, தேனும் இல்லை.

விஷயம் விளங்கிவிட்டது. புதுப் பாட்டோடு ஒத்துப்போகட்டும் என்று பழைய ஆல்பத்துக்குள்ளேயே சர்க்கரையைக் கொட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் ஆசிமை இழுத்துக்கொண்டு வந்தான். ஓட்டுநர் இருக்கையில் அப்பாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. லோரி ஓட்டியவர், இருக்கை ஒரு விரல் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆசிம் பின்னால் ஏறிக்கொண்டான். பாட்டு முடிந்ததும் அவன் முகம் கறுத்தது.

"மச்சான், நம்மள முட்டாளாக்கிட்டானுங்கடா."

நேற்று மதம் மாறியவனுக்குத்தான் இன்று பக்தி அதிகம். முகுந்தன் இன்னும் ஒரு வாரம் யோசித்துவிட்டு நாகரிகமாக ஒரு கடிதம் எழுதலாம் என்றிருந்தான். ஆசிம் அதற்குள் காரில் ஓடிய பாட்டை வீடியோ எடுத்து, 'திருடப்பட்ட மௌனம்' என்று தலைப்புப் போட்டு எல்லா இடத்திலும் ஏற்றிவிட்டான்.

பற்றிக்கொண்டது. மௌனத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு மனு கிளம்பியது. சுபாங் ஜெயாவிலிருந்து ஒருவர், தானும் அந்தக் காலத்திலேயே சிடி வாங்கியதாகவும், அந்த மௌனத்தில்தான் தன் வாழ்க்கையே திரும்பியதாகவும் எழுதினார். சிடி எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றார். இப்படித் தொலைத்தவர்கள் நிறையப் பேர் புறப்பட்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை வகுப்பில் பக்கத்து நாற்காலி தாமரை அக்காவிடம் முகுந்தன் அந்த வீடியோவைக் காட்டினான். அவள் ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் வேலை செய்கிறவள். முப்பதை நெருங்குகிறவள். தேய்மானக் கணக்கில் அவன் முழிக்கும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுப்பவள். இந்த வகுப்பில் அவனுக்கு இருந்த ஒரே துணை.

வீடியோவை அவள் கடைசிவரை பார்த்தாள். பிறகு, "இணையத்துல வர்ற அந்தப் பொண்ணு குரல் என்னுதுதான்" என்றாள்.

முகுந்தன் யோசித்தான். கணக்கியல் மாணவன் என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டான்.

"ஆதாரம் இருக்கா அக்கா?"

தாமரை அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். பத்தொன்பது வயதில் பாடியது. சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, காற்றாடியையும் நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்றப் பாடியது. சிடி அட்டையில் இடமில்லை என்று அவள் பெயரை விட்டுவிட்டார்கள். போன மாதம் இணையத்தில் ஏற்றும்போதுதான் முதல் தடவையாகப் போட்டார்கள்.

"பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு கத்துனானுங்க. எம் பேர மட்டும் ஒருத்தனும் சொல்லல. பத்து வருஷம் கழிச்சு சொன்னா, நீ வந்து அப்படி ஒருத்தி பாடவே இல்லங்கறே."

நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நாற்காலியின் கால் தரையில் உரசிய சத்தத்துக்கு வகுப்பே திரும்பிப் பார்த்தது.

ஆதாரம் கேட்டது முறைதான், கேட்ட குரல்தான் கொஞ்சம் சத்தம் என்று முகுந்தன் டைரியில் எழுதினான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எல்லாரையும் அமைதிப்படுத்தலாம் என்று குழுவில் ஒரு செய்தி போட்டான்: பாடியதாகச் சொல்லும் பெண்ணைச் சந்தித்தேன், கிளினிக்கில் வேலை செய்கிற கண்ணியமானவர், எதுவும் உறுதியாகும்வரை பொறுமை காப்போம்.

கண்ணியத்தை விட்டுவிட்டு கிளினிக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டே நாளில் எந்தக் கிளினிக் என்று கண்டுபிடித்து, டாக்டரைப் பார்க்கக் கேட்பதுபோல் போன் செய்து, கள்ளக் குரல் அங்கே இருக்கிறதா என்று விசாரித்தார்கள். போனை எடுக்கிற வேலையே தாமரையுடையது. அடுத்த வகுப்பில் அவள் முகுந்தன் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். சனிக்கிழமை கிள்ளானில் தகரக் கூரையின் புது ஆல்பம் வெளியீடு, எல்லாரும் இருப்பார்கள், உன் சிடியைக் கொண்டுவா என்றாள். பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்த முகப்பில் இனி உட்கார முடியாது என்றும் சொன்னாள்.

முகுந்தனுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஆசிமிடம் போய் வீடியோவை எடுத்துவிடச் சொன்னான். ஆசிம் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆதாரத்த அழிக்கச் சொல்றியா? நீயும் ஐஸ் கச்சாங் ஆயிட்டே மச்சான்."

சனிக்கிழமை மதியம் அப்பாதான் ஓட்டினார். முகுந்தன் மடியில் சிடி. பின்னால் ஆசிம். கிள்ளான் வரை பாட்டு போட யாருக்கும் துணிச்சல் இல்லை. மண்டபத்துக்கு எதிரே நிழல் பார்த்து நிறுத்திய அப்பா, தான் வண்டியிலேயே இருப்பதாகச் சொல்லி, வடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தது. கன்னையா மேடையிலிருந்து இறங்கி வந்து சிடியை வாங்கினான். அதன்மேல் மார்க்கர் பேனாவால் 'முகுந்தன், 2 மெலாத்தி' என்று பள்ளி வகுப்போடு பெயர் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தான். மடிக்கணினியில் போட்டான்.

கத்தல். உறுமி. பிறகு மண்டபம் முழுக்கத் தாமரை பாடினாள்.

"அப்ப எங்களுக்கு மிக்சிங்லாம் தெரியாது" என்று கன்னையா மைக்கில் சொன்னான். "என் குரல ஒரு பக்கம் தள்ளுனோம், தாமரை குரல கீபோர்டோட இன்னொரு பக்கம் தள்ளுனோம். அவ்வளவுதான் எங்க ஸ்டூடியோ."

கூட்டம் சிரித்தது. முகுந்தன் காதில் எதுவும் ஏறவில்லை. சிடியை மாற்றிவிட்டார்கள் என்று ஆசிம் கத்தினான். ஆனால் வெளியே எடுத்த சிடியில் பதினாலு வயது முகுந்தனின் கையெழுத்து அப்படியே இருந்தது. தன் கையெழுத்தையே சந்தேகப்பட்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்தான். பிறகு சிடியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தான். பாதிக் கூட்டம் பின்னால் வந்தது. தாமரையும் வந்தாள்.

காரின் கண்ணாடிகளை இறக்கினான். இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சிடியைச் செருகி, சத்தத்தை முழுசாக ஏற்றினான்.

எங்க வீட்ட இடிச்சவன் பேரச் சொல்லு. உறுமி. மௌனம்.

ஆசிம் காரின் கூரையில் ஓங்கித் தட்டினான். கூட்டத்தில் பாதி கைதட்டியது. மண்டபத்து ஸ்பீக்கரில்தான் ஏதோ தந்திரம் என்று ஒருவர் விளக்கவே ஆரம்பித்துவிட்டார். தாமரை முகத்தில் முதல் தடவையாக ஒரு கலக்கம் தெரிந்தது. தான் பாடியதே கனவோ என்பதுபோல் நின்றாள். முகுந்தன் அவளைப் பார்த்தான். ஜெயித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. பாட்டை நிறுத்தினான்.

"நீங்களே கேட்டீங்கதானே அக்கா. இங்க யாரும் பாடலயே."

வடையைப் பாதியில் நிறுத்திய அப்பா, ஜன்னலுக்கு வெளியே நின்ற தாமரையைப் பார்த்தார். தன் வலது முழங்கைப் பக்கக் கதவை மெல்லத் தட்டினார்.

"ஓ, அந்தப் பொண்ணு நீதானாம்மா? நீ இந்தப் பக்கம்ல பாடுவ. இவன் பரிட்சைக்குப் படிச்சிட்டிருந்தப்ப நான் போட்டுக் கேட்டேன். வீடு போனதக் காதுகிட்டயே பாடுனா கண்ணு கலங்கி வண்டி ஓட்ட முடியல, அதான் இந்த ஸ்பீக்கர் வயர அன்னிக்கே பிடுங்கிவிட்டேன்."

ஆகஸ்ட் 16, சனி.

நாளைய வேலை: வயரை மாட்டுவது. 'பேரச் சொல்லு' பாட்டை முதல் தடவையாகக் கேட்பது. அதன் பிறகு தாமரை அக்கா வீட்டுக்குப் போவது.