உங்கள் மருமகளின் படிப்பும், நடு ஏரியில் நான் மாட்டிக்கொண்ட விவரமும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அதைத் தனிக் கடிதத்தில் தெரிவிக்கவும், இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. என் மனைவியின் தம்பி என்ற முறையில் உங்களுக்கு என் அன்பு. என் மகளுக்கு இந்தப் படிப்பைக் கைகாட்டிவிட்டவர் என்ற முறையில் என் கண்டனம். இரண்டையும் சேர்த்தே பெற்றுக்கொள்ளவும்.

போன வருடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மாமா சொல்றேன் கேளு, விளையாட்டும் சுற்றுலாவும் படி, வேலை உன்னைத் தேடி வரும்" என்று உங்கள் மருமகளிடம் சொன்னது நீங்கள்தான். சொன்னீர்கள், சாப்பிட்டீர்கள், ஊருக்குப் போய்விட்டீர்கள். அந்தப் படிப்போடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவன் நான். தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக ஊரார் புகாருக்கெல்லாம் பதில் எழுதியவன், முதல்முறையாக நானே ஒரு புகார் எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டுப் பாடம். நடுவயதுக்காரர் ஒருவரை ஆறு வாரத்தில் திடமாக்கிக் காட்ட வேண்டும் என்று ஒரு செய்முறை கொடுத்தார்கள். வீட்டில் நடுவயதுக்காரர்கள் இரண்டு பேர். உங்கள் அக்கா, "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று நழுவிவிட்டாள். மிச்சம் நான். நாங்கள் இருப்பது நான்காம் மாடி, கட்டடத்தில் லிஃப்ட் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் அதற்குள் நான் கால் வைத்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மகள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வாள். மூன்றாம் மாடி அம்மாள் ஒருநாள் கதவைத் திறந்து, "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு, ஆஸ்பத்திரிக்குச் சொல்லணுமா?" என்று பதறினார். "இல்ல ஆன்ட்டி, வீட்டுப்பாடம்" என்றாள் உங்கள் மருமகள்.

சுற்றுலாப் பாடம் இதைவிட மோசம். இவள் கயிறு தாண்டிக் குதிக்கிற சத்தம் பொறுக்காமல் எங்களுக்கு நேர் கீழ்வீட்டுத் தையல்காரர் சண்டைக்கு வந்தார். வாயைத் திறப்பதற்குள், "வாங்க சார், பயணம் எல்லாம் நல்லா இருந்துதா?" என்று வரவேற்று, குளிர்ந்த ஈரத்துண்டு கொடுத்து, எலுமிச்சைச் சாறு கொடுத்து, கடைசியில் ஒரு கருத்துப் படிவத்தையும் நீட்டினாள். பதினெட்டுப் படி ஏறி வந்தவருக்கு என்ன பயணம்? ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார்: 'மேலே சத்தம் தாங்கவில்லை. துண்டு அருமை. மீண்டும் வருவேன்.' வந்தார். இதுவரை மூன்று முறை வந்துவிட்டார்.

அதெல்லாம் போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. பதினைந்து பேரை வெளியே கூட்டிப்போய், சுற்றிக்காட்டி, விளையாட வைத்து, போனபடியே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தேர்வாளரும் அந்தப் பதினைந்தில் ஒருவர், இவளுக்கு முகம் தெரியாதவர், யாரென்று சொல்ல மாட்டார்களாம். ஒரு ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. விடிந்ததும் என்னை எழுப்பி, "அப்பா, நீங்கதான் வரணும். ஆனா அங்க நான் உங்க பொண்ணு இல்ல, வழிகாட்டி. உங்களை சார்னுதான் கூப்பிடுவேன்" என்றாள். இந்த வீட்டில் கிடைக்காத மரியாதை அங்கேயாவது கிடைக்கட்டும் என்று கிளம்பினேன்.

ஏரியில் மிதிபடகு ஏற்பாடு செய்திருந்தாள். படகுக்கு இரண்டு பேர். எனக்கு ஜோடியாக வந்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மாள், அதிகம் பேசாதவர். கரையைவிட்டுத் தூரம் போனதும் நான் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், இஸ்திரி போட்ட சட்டை கசங்குகிறதே என்று. பிறகு சும்மா இருந்திருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"சுத்திப் பாக்கறதுக்கும் ஓடி ஆடறதுக்கும் ஒரு பட்டமாங்க? நான் அந்தப் பொண்ணோட அப்பாதான். கணக்குப் படிப்புக்கு மாத்திடப் போறேன்."

"அப்படியா? கல்லூரி சரியில்லையா?" என்று அம்மாள் கேட்டார்.

"கல்லூரியா! அங்க சொல்லிக்குடுக்கறவங்களே வேற எங்கயும் வேலை கிடைக்காம வந்தவங்கதான்."

அம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பதினோரு வருஷமா நான் அங்கதான் மேல்வகுப்புக்குச் சொல்லிக்குடுக்கறேன்."

மைத்துனரே, என் கால்கள் தாமாகவே வேகமெடுத்தன. அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் என்று அவற்றுக்கு நினைப்பு. மிதித்த மிதியில் சங்கிலி கழன்று, படகு நடு ஏரியில் ஒரு நாணல் புதரில் போய்ச் செருகிக்கொண்டது. நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. படகு சாய, மடியில் இருந்த ஜாக்கெட் தண்ணீரில் விழுந்து என்னை விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

கரையிலிருந்து விசில் சத்தம் மூன்று முறை கேட்டது. பின்னாலேயே ஒரு குரல்: "சார், உட்காருங்க! ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்குங்க. மேடம், நீங்க அசையாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

அது என் மகளின் குரல் என்று சட்டென்று பிடிபடவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டேன். மேலதிகாரி சொல்லிக்கூட நான் இவ்வளவு வேகமாக உட்கார்ந்ததில்லை. மற்றவர்களையெல்லாம் மரத்தடியில் உட்கார வைத்துத் தலை எண்ணிவிட்டு, படகுக்காரரோடு துடுப்புப் படகில் வந்தாள். வழியிலேயே ஜாக்கெட்டை அள்ளிக்கொண்டு வந்து எனக்கு மாட்டிவிட்டு, ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்த்தாள். "மெதுவா மூச்சு விடுங்க சார். அஞ்சே நிமிஷம், கரைக்குப் போயிடலாம்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் படகு மாறினேன். அந்தக் கை கொஞ்சமும் ஆடவில்லை.

எல்லோரையும் பேருந்தில் ஏற்றிவிட்டு அவள் மட்டும் பின்பக்கம் போனாள். போய்ப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடியை எதிர்ப்பக்கமாகவே திருகிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அம்மாகிட்ட நான் என்னன்னுப்பா சொல்லியிருப்பேன்?" என்று கேட்டாள். பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தேன்.

நான் பேருந்தில் ஏறுவதற்குள், தேர்வாளர் தாம்தான் என்று சொல்லிவிட்ட தொப்பி அம்மாள், "ஒரு பயணி ஜாக்கெட் இல்லாம இருந்திருக்கார், வழிகாட்டி கவனிக்கல, இது பெரிய குறை" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். நான் ஒரு தாள் கேட்டு வாங்கி, முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தேன்: 'கீழே கையொப்பமிடும் நான், புறப்படும் முன் வழிகாட்டி இருமுறை தெளிவாக எச்சரித்திருந்தும், சட்டை கசங்கும் என்ற அற்பக் காரணத்தால், அவர் கண்ணில் படாத தூரம் போனபின் ஜாக்கெட்டைக் கழற்றினேன். தவறு முழுவதும் என்னுடையதே.' தேதியும் நேரமும் போட்டேன். அம்மாள் அதை இரண்டு முறை படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

உங்கள் மருமகள் தேறிவிட்டாள். அதுதான் இப்போது சங்கடம். அந்த அம்மாளே சிபாரிசு செய்து, மலையேற்ற முகாம் ஒன்றில் ஆறு மாதம் வேலைப் பயிற்சிக்கு இவளைக் கேட்கிறார்கள். இரண்டு நாள் பயணத் தூரம். பெற்றவர் கையெழுத்து வேண்டுமாம், படிவம் என் மேஜைமேல் கிடக்கிறது. ஏரிக்கே இந்தப் பாடு, மலையில் என்ன கதியோ என்றேன். "அங்கதான் நீங்க இருக்க மாட்டீங்களேப்பா, ஒண்ணும் ஆகாது" என்கிறாள். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து, சுற்றுலா படி என்று சொன்ன அதே வாயால் வேண்டாம் என்று சொல்லி, கணக்குப் படிப்பில் சேர்த்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எதைப் படித்தாலும் பக்கத்திலேயே படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: வெள்ளிக்கிழமை வர வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போடச் சொல்கிறாள் உங்கள் அக்கா, இரண்டு மணி நேரம் எழுதியது, மனம் வரவில்லை. ஞாயிறு காலை ஏழரைக்கு அவளுக்குப் பேருந்து. முடிந்தால் நேரே நிலையத்துக்கு வந்துவிடுங்கள். வண்டி கிளம்பும்போது என் பக்கத்தில் யாராவது நின்றால் நல்லது.