நின்ற இடத்தில் ஓடுகிறவர்

தமிழ்மாறன் எனக்கு ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. காருக்கு முன்பக்க டயர் இரண்டு, கடனாக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்த இனத்துக்கு அதுதான் முதல் அடையாளம். அவர்கள் டயர் சீக்கிரம் தேயும், கடன் மட்டும் தேயாது.

அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், நின்ற இடத்தில் ஓடுகிறவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணமோ காதுகுத்தோ கிரிக்கெட்டில் நம் ஆட்கள் ஜெயித்ததோ, ஏதோ ஒரு சாக்கு கிடைத்ததும் காரை நடுரோட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து, கிளட்சைப் பட்டென்று விட, முன்சக்கரம் இரண்டும் கிறீச்சிட்டுச் சுழன்று, ரப்பர் கருகி, வெள்ளைப் புகை எழும்பி, கூட்டம் இருமி, நாய்கள் சிதறி, கடைசியில் கார் எங்கே நிற்கிறது? புறப்பட்ட இடத்தில்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கிறீர்களா? படிப்பு நாலாம் வகுப்போடு சரி. பதினாலு வயதில் திருத்துறைப்பூண்டியில் ஒரு வாகை மரத்தடியில் பஞ்சர் பெட்டியும் கைப்பம்புமாக உட்கார்ந்தவன், இன்று மூன்று ஷட்டர் கடைக்கு முதலாளி. ‘அய்யாவு டயர்ஸ்’ என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுபடி வழி கேட்க மாட்டார். ஜோசியர் கையைப் பார்க்கிற மாதிரி நான் டயரைப் பார்ப்பேன். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் கோளாறு. நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். மொத்தமும் வழுக்கையாகி ஓரத்தில் ரப்பர் பிசிறு தொங்கினால், வண்டிக்காரர் வீட்டில் போன வாரம் விசேஷம்.

இந்த இனம் தனியாக இருக்கும்போது ஒரு பொட்டுப் புகை விடாது. குறைந்தது நான்கு பேர் வேண்டும், அதில் ஒருவர் கையில் செல்போன் வேண்டும். தொடங்குமுன் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தடியில் ஊற்றும், அபிஷேகம் மாதிரி. “எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்று சொல்லும். யாராவது உண்மையிலேயே தள்ளிப் போய்விட்டால் முகம் வாடிவிடும். முடிந்ததும் இறங்கி டயரைப் பார்க்காது, முகங்களைப் பார்க்கும். பிறகு கேட்கும்: “வீடியோ வந்துச்சா?”

மூன்று மாதம் கழித்து என் கடைக்கு வரும்.

“அண்ணே, நீங்க கொடுத்த டயரு சரியில்லண்ணே. மொட்டையாயிருச்சு. கம்பெனிக்கு எழுதிப் போடுங்க.”

“வண்டி எங்க தம்பி ஓடுச்சு?”

“எங்கண்ணே ஓடுச்சு? பாதி நாளு வீட்டு வாசல்லயேதான் நிக்குது.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

தமிழ்மாறன் இப்படி என்னிடம் மூன்று ஜோடி டயர் வாங்கியவர். நாற்பது வயது, அறுவடை மிஷினுக்கு ஏஜெண்ட், வேலையில் கெட்டிக்காரர். போன மாசியில் அவர் அக்கா மகள் சுடர்விழிக்கு நிச்சயதார்த்தம். பட்டுக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். காலையில்தான் என் கடையில் புது டயர் இரண்டு மாட்டியிருந்தார். கடன் சொன்னவர், “நீங்களும் வாங்கண்ணே, ஒங்க டயரு பேசுறதக் கேக்கலாம்” என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். போனேன். நல்ல சாப்பாடு.

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் தார் ரோட்டில் பாதிதான் வண்டிக்கு. மறுபாதி நெல்லுக்கு. காயப்போட்டு, ஓரத்தில் செங்கல் வரிசை வைத்துவிட்டால், பஸ்ஸே ஒதுங்கித்தான் போகும். அன்று நிச்சயதார்த்த வீட்டுக்கு எதிரே காய்ந்தது ராசம்மாளின் நெல். குத்தகை நிலம், முப்பது மூட்டை. கொள்முதல் நிலையத்தில் மறுநாள் அவருக்கு டோக்கன். அதைத் தவறவிட்டால் இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். வானமோ மூட்டமாக இருந்தது.

“தம்பி, ஒன் வேடிக்கைய வேற பக்கம் வச்சுக்க” என்றார் ராசம்மாள்.

“அக்கா, வண்டி இருக்கிற எடத்த விட்டு ஒரு அடி நகராது. அதுதான் இதுல வித்தையே!”

தண்ணீர் ஊற்றியாயிற்று. பட்டுக்கோட்டைக்காரர்கள் பட்டுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். புகை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, என் டயருக்குப் புகை பால் மாதிரி வந்தது. அப்போது ஹேண்ட் பிரேக் கம்பி அறுந்தது. வித்தை தெரிந்த வண்டி செங்கலைத் தாண்டி ஒரே பாய்ச்சலில் நெல்லுக்குள் இறங்கியது. பயத்தில் அவர் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழவில்லை. சக்கரம் சுழலச் சுழல நெல்லை வாரி இறைத்தது. மாப்பிள்ளை தலையில், சம்பந்தி மேல், சந்தனக் கிண்ணத்தில். ஐயர் இல்லாமலே அட்சதை விழுந்த நிச்சயதார்த்தம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

யாரும் சிரிக்கவில்லை. ராசம்மாள் குனிந்து ஒரு கை நெல்லை அள்ளிக் காட்டினார். நெல்லுக்கு நெல் கறுப்பு ரப்பர்த் துணுக்கு.

“இத எவன் எடுப்பான் நாளைக்கி? ஒக்காருங்க எல்லாரும். பொறுக்குங்க.”

உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்வரை சம்பந்திகள் முறத்தோடு பொறுக்கினார்கள். அப்படியும் நாலு மூட்டை தேறவில்லை. மறுநாள் இருபத்தாறு மூட்டைதான் எடை ஏறியது.

மூன்றாம் நாள் ராசம்மாள் நஷ்டப் பணம் கேட்டுத் தமிழ்மாறனைத் தேடிப் போயிருக்கிறார். “கையில இருக்கிறது டயர்க் கடை அண்ணன் பணம்க்கா” என்று அவர் நழுவப் பார்க்க, “அப்ப அங்கயே வா” என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தமிழ்மாறன் ஒன்பதாயிரத்து இருநூறை என் மேஜையில் வைத்தார். ஆயுளில் முதல்முறை கேட்காமலே தந்தார்.

“பாத்தீங்களா ராசம்மா, கடன்னா இப்படித்தான் கட்டணும்” என்றேன்.

“இருங்க மொதலாளி” என்று அவர் செல்போனை எடுத்தார். ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வீடியோ. புகை, கூச்சல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல்: “இன்னும் மிதிடா தமிழு! டயரு நம்ம கடைது! பயப்படாத, மிதி!”

கரகரப்பான குரல். ஊரில் அந்தக் குரல் ஒருவருக்குத்தான் உண்டு.

“சொல்லுங்க மொதலாளி, வண்டிய யாரு ஓட்டுனா?”

நான் செல்போனை வாங்கி வீடியோவை நிறுத்தினேன்.

ஆகவே ஐயா, அம்மா, சிரிப்பதற்கு முன் ஞாபகப்படுத்திப் பாருங்கள். நீங்கள் கார் ஓட்டாதவராகவே இருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் ஊர் பார்க்கப் புகை கிளப்பும்போது, ஓரமாக நின்று, உங்கள் செருப்பு தேயாமல், “இன்னும் மிதி” என்று எப்போதாவது சொன்னதுண்டா? உண்டென்றால் நீங்களும் எங்கள் இனம்தான்.

ராசம்மாள் கையை விரித்து நீட்டினார். கதிர் அறுத்துக் காய்த்த கை.

“மூட்டை ஆயிரம். நாலு மூட்டை.”

“பாதி ஒன் கணக்குல ஏறுது தம்பி” என்று தமிழ்மாறனிடம் சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த நோட்டுகளை எடுத்தேன். அந்தக் கையில் ஐந்நூறு ஐந்நூறாக எட்டு நோட்டு எண்ணி வைத்தேன்.